ஒரே இடத்தில் வைக்காத அக்கா

அந்த அக்காவைச் சந்தித்து அரை மணி நேரம் ஆவதற்குள் அவருடைய ஆதார் அட்டை நகல் ஒன்று என் கைப்பைக்குள் வந்துவிட்டது.

காரைக்கால் ரயில் நிலையத்தில் எங்கள் காசி யாத்திரைக் குழு கூடியிருந்தது. என் அம்மாவுக்கும் எனக்கும் சேர்த்துத்தான் பணம் கட்டியிருந்தேன். கிளம்பும் வாரத்தில் அம்மாவுக்கு முழங்கால் வீங்கிவிட்டது. "நீ மட்டும் போயிட்டு வா, எனக்கும் சேத்து முழுக்கு போடு" என்று சொல்லிவிட்டார். ஆகவே கோட்டுச்சேரியிலிருந்து தனியாக வந்து, தெரிந்த முகம் ஏதாவது தென்படுகிறதா என்று பார்த்துக்கொண்டு நின்றேன். கிளிஞ்சல்மேட்டுப் பக்கத்துப் பெண்மணி ஒருவர் நேராக என்னிடம் வந்தார். ஐம்பத்தைந்து வயதிருக்கும். மாம்பழ நிறப் புடவை, மூக்கின் இரண்டு பக்கமும் மூக்குத்தி.

"தனியாவா வந்திருக்கீங்க? என்ன வேல பாக்குறீங்க?"

"டீச்சருங்க."

"நல்லதாப்போச்சு. இத வச்சிக்கங்க டீச்சர்." ஒரு நகலை நான்காக மடித்துக் கொடுத்தார். கூடவே நாலு ரத்த அழுத்த மாத்திரை, அவர் வீட்டுக் கொல்லைக் கதவின் சாவி.

"எங்கிட்ட எதுக்குங்க்கா?"

"எங்கிட்டயும் இருக்கு. எங்க வீட்டுக்காரருகிட்டயும் இருக்கு. மூணாவது எடம் வேணும்ல?"

அவர் வீட்டுக்காரர் சற்றுத் தள்ளி ஒரு தூணில் சாய்ந்து நின்றார். ஃபைபர் படகு ஓட்டுகிறவர். நல்ல கறுப்பு, நல்ல உயரம். பதினான்கு நாள் பயணத்தில் அவர் பேசியதையெல்லாம் ஒரு போஸ்ட் கார்டில் எழுதிவிடலாம். ஒரு விஷயத்தை முதல் நாளே கவனித்தேன். நான் கேமராவைத் தூக்கினால் அவர் எழுந்து போய்விடுவார்.

அக்கா மீன் வியாபாரம் செய்கிறவர். சரக்கை ஒரே பஸ்ஸில் ஏற்றமாட்டார். ஒரு பெட்டி கும்பகோணத்துக்கு, ஒரு பெட்டி மாயவரத்துக்கு, இன்னொன்று திருவாரூருக்கு என்று மூன்று பஸ்ஸில் போகும். பணம் இடுப்புச் சுருக்குப்பையில் கொஞ்சம், ரவிக்கைக்குள் கொஞ்சம், எண்ணெய் பாட்டில் உறைக்குள் கொஞ்சம். ஒரு பொருள் முழுக்க ஒரே இடத்தில் இருக்கிறது என்றாலே அவருக்குத் தூக்கம் வராது.

இதன் பயனை ரயில் கிளம்பிய ஒரு மணி நேரத்தில் கண்டேன். எங்கள் குழுவுக்குத் தலைவர் மாதிரி நடந்துகொண்டவர் தருமபுரத்தில் குடியிருக்கும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். விபூதி, துளசி மாலை, கையில் எப்போதும் ஒரு பஜனைப் புத்தகம். போய்வந்து கங்கை பூஜை முடிகிற வரைக்கும் குழுவில் யாரும் அசைவம் தொடக்கூடாது, வெங்காயம் பூண்டும் வேண்டாம் என்று அவரே சட்டம் போட்டிருந்தார். திடீரென்று மூக்கைச் சுருக்கினார்.

"யாருகிட்ட கருவாடு?"

ஒரு நெத்திலிக் கருவாட்டுப் பொட்டலத்தை அக்கா பதவிசாக எடுத்து நீட்டினார். அவர் அதை இரண்டு விரலால் பிடித்து வாங்கி, அடுத்த ஸ்டேஷன் குப்பைத்தொட்டியில் போட்டுவிட்டு, கை கழுவி, அரை மணி நேரம் புலன் அடக்கம் பற்றிப் பேசினார். அக்கா தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார்.

மறுநாள் மத்தியானம், நாக்பூர் தாண்டி, அக்கா தன் கணவரின் தலையணை உறைக்குள் கைவிட்டு இரண்டாவது பொட்டலத்தை எடுத்தார். மூன்றாவது பொட்டலம் எங்கே என்று நான் கேட்கவில்லை. என் பெட்டியைத் திறந்து மாற்றுப்புடவை எடுத்தபோது தானாகத் தெரிந்தது.

"அக்கா! என் பெட்டியிலயா?"

"டீச்சர் பெட்டிய யாரு சோதன போடுவா? போற வழியில தின்னா தப்பில்ல டீச்சர். அதான் முழுக்கு போடப் போறோம்ல."

கேமரா விஷயத்துக்கு வருகிறேன். நிலுவைச் சம்பளம் வந்தபோது ஆசைப்பட்டு வாங்கிய கேமரா. அதற்கு ஒரே ஒரு மெமரி கார்டுதான் வைத்திருந்தேன். வீட்டில் ஒரு பழைய லேப்டாப் உண்டு. அது செங்கல் கனம், பேட்டரியும் செத்துப்போயிருந்தது. ஆளுக்கு ஒரு பெட்டிதான் என்று யாத்திரை ஏற்பாடு செய்தவர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டதால் அதை விட்டுவிட்டு வந்தேன். பிரயாகையில் நான் படம் எடுத்துக் குவிப்பதை அக்கா பார்த்துக்கொண்டே இருந்தார்.

"இவ்ளோ படமும் எங்க இருக்கு டீச்சர்?"

விரல் நகம் அளவு கார்டை எடுத்துக் காட்டினேன்.

"இதுல மட்டுமா?"

"ஆமாங்க்கா."

அக்காவின் முகம் போன போக்கைப் பார்க்கவேண்டுமே. யாரோ குழந்தையைக் கிணற்று விளிம்பில் உட்கார வைத்துவிட்டு வந்ததுபோல என்னைப் பார்த்தார்.

வாட்ஸ்அப்பில் என் கணவருக்கு எல்லாவற்றையும் அனுப்பிவிடுகிறேன் என்றேன். "அதுல போட்டா படம் எளச்சிப்போயிடும் டீச்சர். எறா படத்த ஒரு மெட்ராஸ் யாவாரிக்கு அதுலதான் அனுப்புனேன். பொடி எறாவா தெரியுதுன்னு வெலயக் கொறச்சிட்டான்." காசி விடுதியில் வைஃபை இருந்தது. இணையத்தில் ஏற்றிப் பார்க்கலாம் என்று ஒரு சாயங்காலம் முழுக்க உட்கார்ந்தேன். பதினோரு படம் ஏறியது. பிறகு கரண்ட் போய்விட்டது.

அக்கா தன் பெட்டியிலிருந்து ஒரு பழைய மசாலா டப்பாவை எடுத்தார். உள்ளே ஒரு கார்டு ரீடர், போனில் செருகுகிற சின்ன ஒயர், போனுக்கு ஒரு வாய் கம்ப்யூட்டருக்கு ஒரு வாய் என்று இரண்டு பக்கமும் வாய் உள்ள பென்டிரைவ் இரண்டு. மீன்காரம்மாவிடம் இதெல்லாம் எப்படி என்று நான் விழித்தேன்.

காரணம் படகு. கடலில் எந்த இடத்தில் பாறை, எந்த இடத்தில் மீன் அடையும் என்பதையெல்லாம் படகுக்காரர்கள் ஜி.பி.எஸ். கருவியில் குறித்து வைத்திருப்பார்கள். இருபது வருஷ உழைப்பு அதற்குள் எண்களாக இருக்கும். யாருக்கும் காட்டமாட்டார்கள். ஒரு மழைக்காலத்தில் அக்கா வீட்டுக் கருவிக்குள் தண்ணீர் இறங்கி அது கருகிப்போனது. அவர் கணவர் கரையில் உட்கார்ந்து தலையில் கை வைத்துக்கொண்டார். அக்கா வீட்டுக்குப் போய் கேஸ் புத்தகத்தின் பின்னட்டையைக் கொண்டுவந்து கொடுத்தார். எல்லா எண்ணும் அதில் இருந்தது. இன்னொரு நகல் காலண்டருக்குப் பின்னால், இன்னொன்று நாகூரில் தங்கச்சி வீட்டு அரிசிப் பானைக்குள். அதற்குப் பிறகு ஒரு மொபைல் கடையில் நின்று பென்டிரைவில் ஏற்றும் வித்தையையும் கற்றுக்கொண்டுவிட்டார்.

அன்றிலிருந்து தினமும் சாயங்காலம், விளக்கு வைக்கும் நேரத்தில், எனக்குப் பாடம் நடந்தது. முதலில் கார்டிலிருந்து என் போனில் ஏற்றவேண்டும். பிறகு கார்டை அக்காவிடம் கொடுக்கவேண்டும். அவர் தன் போன் வழியாக இரண்டு பென்டிரைவிலும் ஏற்றுவார். கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிவிட்டு, ஒவ்வொரு படத்தையும் விரலால் தொட்டு, மீன் ஆய்வதுபோல நிதானமாகச் செய்வார். முடிந்ததும் ஒரு பென்டிரைவ் சுருக்குப்பைக்குள் போகும்.

"இன்னொண்ணு?"

"அது வேற எடம். மூணும் ஒரே ரூம்புல படுக்கக்கூடாது."

காசியில்தான் அந்தப் படம் கிடைத்தது. படகில் போய்க்கொண்டிருந்தோம். கங்கைப் படகுக்காரன் துடுப்புப் போடுகிற விதத்தை அக்காவின் கணவர் பார்த்துக்கொண்டே வந்தார். அவருக்குப் பொறுக்கவில்லை. எழுந்து போய், ஒரு வார்த்தை பேசாமல், அவன் தோளைத் தட்டி நகரச்சொல்லி, துடுப்பை வாங்கிக்கொண்டார். நாலு வலி வலித்தார். படகு எகிறிப் பாய்ந்தது. பின்னால் வந்த படகிலிருந்து யாரோ விசிலடித்தார்கள். அவர் வாய்விட்டுச் சிரித்தார். நான் எடுத்துவிட்டேன். அவர் கவனிக்கவில்லை.

அக்கா கேமராவைப் பிடுங்கி அந்தப் படத்தைப் பெரிதாக்கி, அவர் வாய்க்குள்ளேயே பார்த்தார்.

"இந்தப் பக்கம் ஒரு சிங்கப்பல்லு உண்டு இவருக்கு. நானே மறந்துட்டேன் டீச்சர்."

"வீட்டுல வேற படம் இல்லியாக்கா?"

"ஒண்ணுகூட இல்ல."

கடலோரக் குடும்பம். எனக்குப் புரிந்தது என்று நினைத்துக்கொண்டு, "சுனாமியிலயா போச்சு?" என்று மெதுவாகக் கேட்டேன்.

அக்கா சிரித்துவிட்டார். "எல்லாரும் அப்புடித்தான் நெனைக்கிறாங்க. கல்யாண போட்டோ, தலதீபாவளி போட்டோ, எல்லாத்தையும் ஒரு தகரப்பொட்டில வச்சிருந்தேன். எந்தம்பி விசயமா ஒரு சண்ட. இவரு கோவத்துல உக்காந்து ஒண்ணொண்ணா கிழிச்சிப்போட்டாரு. அதெல்லாம் நடந்து ரொம்ப வருசத்துக்கு அப்பறந்தான் கடல் வந்துச்சு. கடல் எடுத்துட்டுப் போனது வெறும் பொட்டி."

பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். "சுனாமி நிவாரணத்துக்குக் கணக்கெடுக்க வந்தவங்க என்னென்ன போச்சுன்னு கேட்டாங்க. போட்டோ பொட்டின்னேன். அதுல ஒரு அம்மா என் கையப் புடிச்சிக்கிட்டு அழுவுது டீச்சர். 'கல்யாண போட்டோவுமா போச்சு'ன்னு அழுவுது. நான் என்னத்தச் சொல்லி நிறுத்தறது? நானும் சேந்து அழுதேன். இவரு பக்கத்துலயே நிக்கிறாரு. மூஞ்சிய எங்க வச்சிக்கறதுன்னு தெரியல இவருக்கு. அன்னையிலேர்ந்து போட்டோன்னாலே எந்திரிச்சிப் போயிடுவாரு."

இப்படி ஒரு படத்தை எடுத்துவிட்டுத்தான் நான் ஒரு திருட்டுத்தனத்தையும் செய்தேன். அன்று சாயங்காலமே என் போன் இடமில்லை என்று சொல்லிவிட்டது. இடம் வேண்டுமானால் என் மகளின் ஆண்டுவிழா நடன வீடியோக்களை அழிக்கவேண்டும். மனசு வரவில்லை. அக்கா "போன்ல ஏத்திட்டீங்களா?" என்று கேட்டார். "ஏத்திட்டேங்க்கா" என்றேன். அடுத்தடுத்த நாட்களிலும் அப்படியே சொன்னேன். படகுப் படத்திலிருந்து அதற்குப் பிறகு எடுத்த எதுவும் என் போனில் இல்லை. மூன்று நகல் எதற்கு, இந்த அக்காவுக்குக் கொஞ்சம் கூடுதல் பயம் என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன்.

டெல்லியில் ஒரு சாயங்காலம். விடுதிக்குப் பக்கத்துச் சந்தில் கரி அடுப்பிலிருந்து புகை எழும்பி விளக்கு வெளிச்சத்தில் அழகாகப் பரவியது. படம் எடுத்தேன். அறைக்கு வந்து பெரிதாக்கிப் பார்த்தால், புகைக்கு நடுவில் தலைமையாசிரியர். கையில் கம்பி. கம்பியில் சுட்ட கறி. கண்ணை மூடி, வாயை அகலத் திறந்து, பஜனையில்கூட அவர் முகத்தில் அப்படி ஒரு லயிப்பை நான் பார்த்ததில்லை. துளசி மாலையை மட்டும் மரியாதையாக முதுகுப் பக்கம் தள்ளிவிட்டிருந்தார்.

அக்காவும் நானும் தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு சிரித்தோம். தலைமையாசிரியரின் மனைவியும் எங்கள் அறையில்தான் தங்கியிருந்தார். "என்ன டீச்சர், எங்கிட்டயும் சொல்லுங்களேன்" என்றார் பாவம்.

தலைமையாசிரியரும் என்னைப் பார்த்திருக்கிறார். மறுநாள் ஹரித்துவாரத்தில் காலை முழுக்கு முடிந்து, மத்தியானம் விடுதிக் கூடத்தில் உட்கார்ந்திருந்தபோது என்னிடம் வந்தார். "அந்தக் கேமராவக் குடும்மா. என் படம் எப்புடி வந்திருக்குன்னு பாக்கறேன்." பெரியவர், அதுவும் தலைமையாசிரியர். மறுக்கத் தோன்றவில்லை. கொடுத்துவிட்டு டீ வாங்கப் போனேன். திரும்பி வந்தபோது கேமராவை மடியில் வைத்துக்கொண்டு கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏதோ இங்கிலீஷ்ல கேட்டுச்சும்மா. நான் ஓகேன்னு அமுக்கிட்டேன்."

கார்டில் ஒரு படம் இல்லை. அத்தனையும் துடைத்துப் போயிருந்தது. முப்பது வருஷம் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் நடத்தியவருக்கு கேமரா கேட்ட ஒரு வரி புரியவில்லையாம்.

அழுகையோடு அக்காவிடம் ஓடினேன். முற்றத்தில் புடவை காயப்போட்டுக்கொண்டிருந்தார். சொன்னேன். ஈரப்புடவையைப் பிழிந்தபடியே கேட்டார்.

"போனா போவுது டீச்சர். உங்க போன்ல இருக்குல்ல?"

நான் கொடியில் கிடந்த புடவையின் சுருக்கத்தை நீவிவிட்டேன்.

"என்ன டீச்சர்?"

"போன்ல ஏத்தலக்கா. எடம் இல்ல. ஏத்திட்டேன்னு பொய் சொல்லிட்டேன்."

அக்காவின் கை நின்றது. "நான் ஒண்ணு சொல்லவா? காலயில முழுக்கு போட்டேன்ல, தண்ணி இழுத்த இழுப்புல சுருக்குப்பையே போயிடுச்சு. பென்டிரைவ் அதுலதான். உங்க போன்ல இருக்குங்கற தைரியத்துல நான் சொல்லாம இருந்தேன்."

காசிப் படித்துறையில் அம்மாவுக்காக எடுத்த படங்கள், கயாவில் எடுத்தவை, எல்லாவற்றையும் நினைத்தேன். எல்லாவற்றுக்கும் மேலே அந்தச் சிங்கப்பல் வந்து நின்றது. முற்றத்தின் மறுகோடியில் அக்காவின் கணவர் பீடி பற்றவைத்துக்கொண்டிருந்தார். அவருக்குத் தன் படம் ஒன்று பிறந்ததும் தெரியாது, செத்ததும் தெரியாது.

"பொய் சொன்னீங்கன்னு வருத்தப்படாதீங்க" என்றார் அக்கா. "ஒண்ண ஆறு தின்னும், ஒண்ண டீச்சரு தின்பாங்கன்னுதான் மூணாவது வச்சேன்."

"மூணாவது எங்கக்கா?"

"ஊருக்குப் போயி சொல்றேன். உங்க மூஞ்சி காட்டிக் குடுத்துடும்."

திரும்பி வருகிற இரண்டு நாள் ரயிலில் அக்காவின் நடத்தையைப் பார்த்து நான் குழம்பிப்போனேன். தலைமையாசிரியர் காசியில் ஒரு பெரிய செம்புச் சொம்பில் கங்கைத் தண்ணீர் அடைத்து, வைக்கோல் போட்ட அட்டைப்பெட்டியில் வைத்துக் கட்டிக்கொண்டு வந்தார். அக்கா அந்தப் பெட்டியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. யாரோ அதன்மேல் கால் வைக்கப் போனபோது "அய்யய்யோ, கங்கம்மா!" என்று பாய்ந்து விழுந்தார். தலைமையாசிரியரின் மனைவிக்குக் கண் கலங்கிவிட்டது. "இந்தக் காலத்துல இப்புடி ஒரு பக்தியா!" என்றார். தலைமையாசிரியர் மட்டும் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு என்னையும் அக்காவையும் மாறி மாறிப் பார்த்தார். படங்கள் போன துக்கத்தில் நாங்கள் இருக்கிறோமா என்று சரிபார்த்துக்கொண்டார் போலும். மூன்றாவதைக் கண்ணால் பார்க்காத வரைக்கும் எனக்கு நம்பிக்கை வரவில்லை; நான் நிஜமாகவே துக்கத்தில்தான் இருந்தேன்.

ஊர் வந்து நாலாம் நாள் தருமபுரத்தில் அவர் வீட்டில் கங்கை பூஜை. குழுவில் எல்லோருக்கும் அழைப்பு. அக்காவும் அவர் கணவரும் வருவதற்குள் பூஜை ஆரம்பித்துவிட்டது. அக்கா மூச்சு வாங்க உள்ளே நுழைந்த நேரம், தலைமையாசிரியர் வைக்கோலை விலக்கிச் சொம்பைத் தூக்கினார். கூடவே, டேப் சுற்றிய ஒரு சின்னப் பிளாஸ்டிக் பொட்டலம் வந்து விழுந்தது.

"இது என்னது?"

எனக்கு அப்போதுதான் உறைத்தது. டெல்லியில் கறிப்படம் எடுத்த ராத்திரி, சொம்புப் பெட்டியின் கயிறு தளர்ந்திருக்கிறது என்று சொல்லி அக்காதான் அதைப் பிரித்துக் கட்டியிருந்தார்.

பாண்டிச்சேரியிலிருந்து வந்திருந்த அவர் மகன் பொட்டலத்தைப் பிரித்தார். "பென்டிரைவுப்பா. யாரோடது?"

"எல்லாரோடதுந்தான் தம்பி" என்றார் அக்கா. "யாத்திர போட்டோ. அழிஞ்சிபோச்சுன்னு டீச்சர் அழுவுறாங்க. கங்கம்மா காப்பாத்திக் குடுத்துட்டா பாருங்க."

கூடம் முழுக்க ஆரவாரம். மகன் உடனே அதை டி.வி.யின் பின்னால் செருகிவிட்டார். படங்கள் ஒவ்வொன்றாகத் தானே நகர ஆரம்பித்தன. தலைமையாசிரியர் கற்பூரத் தட்டோடு நின்றார். வைக்க இடம் தெரியாதவர்போல நின்றார்.

பிரயாகை போனது. காசி வந்தது. படித்துறை, மணி, மாடு. பிறகு அந்தப் படகு. துடுப்பும் கையுமாக, வாயெல்லாம் சிரிப்பாக, டி.வி. நிறைய அக்காவின் கணவர். "அட, நம்ம அண்ணனா இது!" என்று யாரோ கத்தினார்கள். கதவோரம் நின்றிருந்தவர் எழுந்து போகவில்லை. அவர் ஏற்கெனவே நின்றுகொண்டுதான் இருந்தார். ஆனால் வெளியேயும் போகவில்லை. அந்த நாலு நொடியும் டி.வி.யையே பார்த்தார்.

கயா முடிந்தது. டெல்லி. இன்னும் சில படத்தில் அந்தக் கறிப்படம் வந்துவிடும். தலைமையாசிரியர் செய்தது அநியாயம்தான். ஆனாலும் பூஜை வீட்டில், மனைவி மகன் முன்னால், அந்த மனிதர் அப்படி நிற்கவேண்டுமா? அக்காவின் தோளை இடித்தேன். அக்கா அசையவில்லை. சுண்டலை ஒவ்வொன்றாக வாயில் போட்டுக்கொண்டு தலைமையாசிரியரின் முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார். செங்கோட்டை வந்தது. விடுதி வாசல் வந்தது. தலைமையாசிரியரின் விபூதி வியர்வையில் கரைந்து கோடாக இறங்கியது. அடுத்த படம்...

மறுபடி பிரயாகை. முதலிலிருந்து ஓட ஆரம்பித்துவிட்டது.

"டெல்லியில சாயங்காலம் கடத்தெருவ எடுத்தீங்களே டீச்சர், அது இல்லியே?" என்றார் தலைமையாசிரியரின் மனைவி.

நான் திணறுவதற்குள் அக்கா சொன்னார். "அது இதுல இல்லம்மா. அது வேற எடத்துல இருக்கு."

தலைமையாசிரியர் கற்பூரத் தட்டை முதலில் அக்காவிடம் நீட்டினார். அன்று பந்தியில் அக்காவின் இலைக்கு அவரே வந்து பாயசம் ஊற்றினார். இரண்டு தடவை.

அதற்குப் பிறகு அக்காவின் ஊரான கிளிஞ்சல்மேட்டுக்கு எது வேண்டுமானாலும் மனு எழுதிக் கொடுத்தது தலைமையாசிரியர்தான். தெருவிளக்குக்கு ஒன்று, பஸ் உள்ளே வருவதற்கு ஒன்று, பெண்கள் மீன் விற்க ஒரு கூரைக் கொட்டகைக்கு ஒன்று. எல்லாம் முத்து முத்தான எழுத்தில், படிக்கிற அதிகாரிக்கே ஆசை வருகிற மாதிரி இருக்கும். அக்கா வாசலில் போய் நின்றால் போதும். "வாங்க வாங்க, என்ன எழுதணும்?" என்று பேனாவோடு வருவார். தெருவிளக்கு வந்தது. பஸ் சில நாள் வந்தது.

ஆனால் பூஜை நாளில் நாங்கள் வீடு திரும்பியதைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். பஸ் நிறுத்தத்துக்கு மூன்று பேரும் நடந்தோம். அக்காவின் கணவர் நாலடி பின்னால் வந்தார். நான் பொறுக்க மாட்டாமல் கேட்டேன்.

"அக்கா, அந்தக் கறிப்படம் எங்க இருக்கு?"

"எங்கயும் இல்ல."

"வேற எடத்துல இருக்குன்னீங்க?"

"அத மட்டும் நான் ஏத்தவே இல்ல டீச்சர். ஒரு மனுசன் பசியில ஆசயா தின்னுறான். அதப் போயி மூணு எடத்துல வச்சிக்கிட்டு என்ன பண்றது? உங்க கேமராவுல இருந்தது ஒண்ணுதான். அதத்தான் அவரே அழிச்சிட்டாரே."

நான் நடுத்தெருவில் நின்றுவிட்டேன். "அப்ப அவருகிட்ட அத சொல்லிடலாம்லக்கா? பாவம்."

"சொல்லலாம்" என்றார் அக்கா. பாதை ஓரத்தில் செருப்பிலிருந்த மண்ணை உதறினார். "ரெண்டு மூணு மனு எழுதட்டும். அப்பறம் சொல்லிக்கலாம்."

பஸ் வருகிற சத்தம் கேட்டது. அப்போது பின்னாலிருந்து, "டீச்சர்" என்று ஒரு குரல். அவர் என்னைக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

"சொல்லுங்கண்ணே."

"நான் துடுப்பு போடறது... அந்தப் படம். அது டி.வி.யில சொருவுன குச்சில ஒண்ணுதான் இருக்கா?"

"ஆமாண்ணே. இப்ப அது ஒண்ணுதான்."

"இன்னும் ரெண்டு போட்டுடுங்க." பிறகு, அக்கா பக்கம் திரும்பாமலேயே சொன்னார். "ஒண்ணு என் கைக்கு எட்டாத எடமா பாத்து வைங்க."

அக்கா பஸ்ஸில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்து, இறங்குகிற வரைக்கும் வெளியிலேயே பார்த்துக்கொண்டு வந்தார்.

இரண்டு வருஷத்தில் எனக்கு மாற்றல் வந்து ஊரை விட்டே வந்துவிட்டேன். அந்தப் படத்தின் ஒரு நகல் இன்றும் என்னிடம் இருக்கிறது. மற்ற இரண்டும் எங்கே என்று நான் கேட்டதற்கு அக்கா சொல்லவே இல்லை.